யோசனைக்குக் கூலி யார் கொடுத்தார்?

ரிட்டயர்மென்ட் பணத்தை என்ன செய்வது என்று கேட்டால் பதில் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. மச்சினர் சொல்வார், கோயில் தர்மகர்த்தா சொல்வார், வங்கி மேனேஜர் நாற்காலி போட்டுக் காபி வரவழைத்துச் சொல்வார். தஞ்சை மாவட்டத்துச் சார்நிலைக் கருவூலம் ஒன்றில் 1981ல் கணக்கராகச் சேர்ந்து, உதவிக் கருவூல அலுவலராக வெளியே வந்தவன் நான். பென்ஷன் பில், பணிக்கொடை பில், கம்யூட்டேஷன் பில் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பில் பாஸானதும் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யோசனை சொன்ன அத்தனை பேருக்கும் கூலி கிடைத்தது. கேட்டவர் மட்டும் தன் கையால் ஒரு பைசா கொடுத்ததில்லை. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று ஓய்வுக்குப் பிறகு பழைய புத்தகங்களையும் சட்டங்களையும் புரட்டிப் பார்த்தேன்.

வெள்ளைக்காரன் காலத்து சர்க்கார் உத்தியோகஸ்தருக்குப் பென்ஷனே திட்டம். முதல் தேதியானால் பணம் வரும். அதற்குமேல் அவர் யோசிக்க வேண்டியது கையில் சேர்ந்த சேமிப்பைப் பற்றி மட்டும். அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882லேயே வந்துவிட்டது, ஆனால் வட்டி குறைவு. மதராஸில் கூடுதல் வட்டி கொடுத்தது ஆர்பத்நாட் கம்பெனி. ‘வெள்ளைக்காரன் கம்பெனி, தலைமுறை தலைமுறையாக இருக்கிறது’ என்பதுதான் அன்றைய முதலீட்டு ஆலோசனை. பென்ஷன்காரர்கள், கைம்பெண்கள், வக்கீல்கள், கோயில்கள் என்று எல்லோர் பணமும் அங்கே போனது. 1906 அக்டோபர் 22 அன்று கம்பெனி கதவைச் சாத்தியது. லண்டனில் இருந்த பங்காளியின் ஊக வியாபாரம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அந்தக் கொதிப்பில்தான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் நம் பணத்துக்கு நாமே ஒரு வங்கி வைப்போம் என்று இறங்கி, 1907 ஆகஸ்ட் 15ல் இந்தியன் வங்கி திறந்தது. எங்கள் கும்பகோணத்துக்காரர்கள் இதில் முந்திக்கொண்டவர்கள். கும்பகோணம் பாங்க் 1904லேயே தொடங்கியாயிற்று. இன்று அதன் பெயர் சிட்டி யூனியன் வங்கி.

நிதிகளின் கதையும் இதே போக்குதான். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872ல் தொடங்கியது. உறுப்பினரிடமே வாங்கி உறுப்பினருக்கே நகையின்மேலும் வீட்டின்மேலும் கடன் கொடுப்பது. டைரக்டர்கள் எல்லாம் அதே மாடவீதியில் குடியிருப்பவர்கள். இந்த மாதிரி இடத்தில் ஆலோசகர் எதற்கு? டைரக்டர் காலையில் குளத்தங்கரையில் எதிர்ப்படுகிறாரே. அவர் முகமே பத்திரம். நூறு வருஷத்துக்கும் மேல் அது ஓடவும் ஓடியது. முகங்கள் மாறின, குடியிருப்பு மாறியது, பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. 2024ல் முதிர்ந்த வைப்புகள் திரும்பவில்லை என்று புகார்கள் குவிந்து, அதன் நிர்வாக இயக்குநர் கைதானபோது வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நரைத்த தலைகள். தாத்தா போட்ட இடம் என்று பேரனும் போட்டிருந்தான்.

இப்போது எல்.ஐ.சி. ஏஜென்டிடம் வருகிறேன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நம் ஊர் நடுத்தரக் குடும்பத்தின் பணவிஷயத்தில் அரை நூற்றாண்டு இவர்தான் வைத்தியர், வக்கீல் எல்லாம்.

1956ல் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் கொண்டுவந்த சட்டப்படி 245 இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் பிராவிடென்ட் சங்கங்களையும் ஒன்றாக்கி, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. கம்பெனிகள் மாறினவே தவிர ஏஜென்டின் கூலிக் கணக்கு 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியபடியே நின்றது. முதல் வருஷப் பிரீமியத்தில் 35 சதம் வரை, அடுத்த இரண்டு வருஷம் ஏழரை, அதற்குப் பிறகு ஐந்து. இந்தக் கணக்கு தெரியாமல் அந்தக் காலத்து யோசனை எதையும் புரிந்துகொள்ள முடியாது. முதிர்ந்தால் பணம் திரும்பும் இருபது வருஷ எண்டோமென்ட் விற்றால் வீட்டில் ஒரு மாதத்துக்கு அரிசி பருப்பு. இறந்தால் மட்டும் பணம் தரும் சுத்தமான டெர்ம் பாலிசி விற்றால் பஸ் சார்ஜுக்கும் காணாது. எதை அவர் எடுத்துச் சொல்வார்? அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, கமிஷனில் ஒரு பங்கைப் பாலிசிதாரருக்குத் திருப்பிக் கொடுப்பது குற்றம் என்கிறது. ‘முதல் பிரீமியம் நான் கட்டிக்கிறேன் சார்’ என்ற வசனத்தைக் கேட்காத அரசு அலுவலகம் தமிழ்நாட்டில் உண்டா என்று தெரியவில்லை.

ஆனாலும் இவரைத் திட்ட எனக்கு வாய் வராது. எங்கள் அலுவலக வராந்தாவுக்கு வரும் ஏஜென்ட் ஒருவரை மறக்க முடியாது. ஜிப் அறுந்த ரெக்ஸின் பை, அதற்கு ரப்பர் பேண்ட். பைக்குள் கார்பன் தாள், ஸ்டாம்ப் பேட், கைநாட்டுக்காரர்களுக்காக ஈரப் பஞ்சு. கிராம உதவியாளர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாலிசி எங்கே என்றும் தெரியாது. இந்த ஏஜென்ட் வீட்டுக்குப் போய், அரிசிப் பானைக்குப் பின்னால் தகரப் பெட்டியில் இருந்த பத்திரத்தைத் தேடி எடுத்து, இறப்புச் சான்றிதழுக்கு அலைந்து, கிளெய்ம் படிவத்தைத் தானே நிரப்பி, அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு கிளை அலுவலகத்துக்கும் எங்கள் கருவூலத்துக்கும் வந்து நின்றார். குடும்பப் பென்ஷன் விண்ணப்பத்தையும் அவர்தான் எழுதினார். அதில் அவருக்குக் காலணா கிடையாது. ‘கட்டணம் வாங்கும் சுதந்திர ஆலோசகர்’ என்று இன்று பேசுகிறோமே, அப்படி ஒருவர் அந்தக் குடிசைக்கு வந்திருப்பாரா? கமிஷன்தான் அவரை அந்தத் தெரு வரைக்கும் நடக்க வைத்தது. அதே கமிஷன்தான் என்ன விற்க வேண்டும் என்றும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

அவருக்குப் பக்கத்தில் சிறுசேமிப்பு முகவர்கள். 1972ல் வந்த மகளிர் சேமிப்பு முகவர் திட்டத்தில் எத்தனையோ பெண்கள் அட்டையும் கையுமாக வீடுவீடாக ஆர்.டி. வசூலித்தார்கள். அஞ்சலகத் தொடர்வைப்புக்கு 4 சதம் கமிஷன். 1987ல் மாத வருமானத் திட்டம் வந்தது. அடுத்த வருஷம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பாகும் கிசான் விகாஸ் பத்திரம் வந்தது. இதை விளக்கப் பேச்சே வேண்டாம். எங்கள் முகவரம்மா சிகரெட் அட்டையைப் பிரித்து உள்பக்கத்தில் ‘1 லட்சம், ஐந்தரை வருஷம், 2 லட்சம்’ என்று எழுதி மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

மே 31 எங்களுக்குத் திருவிழா. கல்வியாண்டு முடிகிறவரை ஆசிரியர்களுக்குப் பணி நீட்டிப்பு உண்டு என்பதால் வருஷம் முழுவதும் 58 முடித்த வாத்தியார்கள் எல்லாம் அன்றைக்குத்தான் சேர்ந்து இறங்குவார்கள். (போதாததற்கு, அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாக எழுதிய பிறந்த தேதிகள் மே, ஜூனில் வந்து குவிந்திருக்கும்.) தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ஆணைகள் வர வர, வராந்தாவில் பைகள் பெருகும். மாலையும் சால்வையுமாக வழியனுப்பு விழா முடித்து, வாழ்நாளில் முதல்முறையாக லட்சக்கணக்கில் தன் பெயருக்கு வரப்போகிற ஒரு மனிதர். அவருக்கு அன்று கிடைக்கும் மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைப்பதில்லை.

இதில் பெரிய அனர்த்தம் நடக்காமல் காத்தது யார் என்று கேட்டால், நான் வட்டியைத்தான் சொல்வேன். 1986லிருந்து 2000 ஜனவரி வரை பொது வருங்கால வைப்புநிதியான பி.பி.எஃப்.புக்கு 12 சதம். எங்கே போட்டாலும் பத்துக்குக் குறையாது. மட்டமான யோசனைகூட அந்த வெள்ளத்தில் மிதந்துவிடும். பேராசைக்காரர்கள்தான் முங்கினார்கள். 24 சதம், 36 சதம் என்று தினசரிகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பணிக்கொடையைக் கொட்டியவர்கள் சென்னையிலும் கோவையிலும் ஏராளம். 1997ல் தமிழக அரசு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே தேக்கு வளர்த்துத் தருகிறோம் என்ற அனுபவ் நிறுவனம் சரிந்தது. தேக்கு முதிரும் வரை தான் இருப்போமா என்று அறுபது வயதில் யோசிக்காமல் போட்டவர்களை என்னவென்று சொல்வது!

2000க்குப் பிறகு வெள்ளம் வடிந்தது. பி.பி.எஃப். 11, ஒன்பதரை, 9 என்று இறங்கி 2003 மார்ச்சில் 8 சதத்துக்கு வந்து நின்றது. நடுவில் யூனிட் டிரஸ்ட்டின் யூனிட் 64. 1964ல் தொடங்கிய அந்தத் திட்டம் அரசாங்கத்துடையது என்று நம்பி, பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் ஜூலையில் டிவிடெண்ட் வாரன்ட்டுக்குத் தபால்காரரைப் பார்த்திருந்தார்கள். 2001 ஜூலையில் யூனிட்டைத் திரும்ப வாங்குவதையே ஆறு மாதம் நிறுத்திவிட்டார்கள். 3,000 யூனிட் வரை வைத்திருந்த சிறியவர்களுக்கு யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று பிறகு வழி செய்தார்கள். உள்ளே இருந்த சொத்தின் மதிப்பு அவ்வளவு பெறாது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. எங்கள் தலைமுறையின் நம்பிக்கையில் விழுந்த முதல் பெரிய ஓட்டை அது.

ஆலோசனை இல்லாமல் திண்டாடியதற்கு வங்கி ஊழியர்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1993 அக்டோபர் 29 ஒப்பந்தப்படியும் 1995 விதிகளின்படியும் அவர்கள் பி.எஃப்.பா, பென்ஷனா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாழ்நாள் முழுவதற்குமான முடிவு. பணத்தோடு பழகியவர்கள், ஆனாலும் கேட்டது யூனியன் தலைவரை, பக்கத்து கவுண்டர்காரரை. அன்றைய வட்டியைப் பார்த்துப் பலர் பி.எஃப்.பே போதும் என்றார்கள். வட்டி சரிந்தது, ஆயுள் நீண்டது, விலைவாசி ஏறியது. 2010ல் இன்னொரு வாய்ப்பு வந்தபோது, ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தவர்கள் வங்கியின் பங்கையும் வட்டியையும் திருப்பிக் கட்டி, அதற்குமேல் 56 சதமும் கட்டிப் பென்ஷனில் சேர்ந்தார்கள். என் மச்சினர் அப்படிக் கட்டியவர். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினார். ‘அன்னிக்கு ஒருத்தன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டியிருந்தா அவனுக்கு ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்திருப்பேனே அத்திம்பேர்’ என்றார். கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஜோசியருக்குத் தட்டில் வைப்போம், கணக்குப் போடுகிறவருக்கு வைக்க மாட்டோம்.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதலும் மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை. இனி ஒவ்வொருவரும் தனக்குத் தானே கருவூலம். யோசனை தேவைப்பட்ட அதே நேரத்தில் யோசனை சொல்ல வந்தது தனியார் இன்ஷூரன்ஸும் வங்கிக் கவுண்டரும் கையோடு கொண்டுவந்த, பங்குச்சந்தையில் பணத்தைப் போடும் இன்ஷூரன்ஸான யூலிப்பும். நிரந்தர வைப்பைப் புதுப்பிக்கப் போன பெரியவர்கள் கையில் பத்து வருஷ யூலிப்போடு திரும்பினார்கள். எங்கள் தெருவில் எழுபது தாண்டிய ஒருவருக்குப் பேரனை ‘ஆயுள் காப்பீடு பெறுபவர்’ ஆக்கிப் பாலிசி எழுதியிருந்தார்கள். அவரோ அது எஃப்.டி. என்றே நினைத்துக்கொண்டிருந்தார். 2010 ஏப்ரலில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 14 இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் யூலிப்பைத் தடை செய்தது. இன்ஷூரன்ஸ் ஆணையம் எதிர்த்து நின்றது. கடைசியில் ஜூனில் அவசரச் சட்டம் போட்டு யூலிப் இன்ஷூரன்ஸ் ஆணையத்துக்கே என்று முடித்தார்கள். அந்தச் சண்டையின் பலனாகச் செப்டம்பரிலிருந்து யூலிப் செலவுகளுக்கு வரம்பு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு முன்பே செபி ஒரு காரியம் செய்திருந்தது. சி.பி. பாவே தலைவராக இருந்தபோது, 2009 ஆகஸ்ட் 1 முதல் மியூச்சுவல் ஃபண்டில் நுழையும்போதே பிடித்துக்கொண்ட இரண்டேகால் சதக் கட்டணத்தை ஒழித்தது. கூலி வேண்டுமானால் வாடிக்கையாளரிடமே தனியாகக் கேட்டு வாங்கு என்றார்கள். அதே ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்பு பற்றிய ஸ்வரூப் குழு, இன்ஷூரன்ஸ் உட்பட எல்லாச் சில்லறை நிதித் திட்டங்களிலும் 2011 ஏப்ரலுக்குள் கமிஷனை எடுத்துவிடலாம் என்று யோசனை வைத்தது. லட்சக்கணக்கான ஏஜென்ட்களின் அடுப்பு அணையும் என்று குரல் எழுந்து, குழுவின் யோசனை ஏட்டோடு போயிற்று. அஞ்சலகத்தில் மட்டும் 2011 டிசம்பரில் பி.பி.எஃப்., மூத்த குடிமக்கள் திட்டம் இரண்டுக்கும் கமிஷன் நின்றது. வயதானவர்களுக்கு மிக உகந்த திட்டத்தை எடுத்துச் சொல்ல அன்றோடு வராந்தாவில் ஆளில்லை. இன்று ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதம் வட்டி. யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வந்து இதைச் சொல்கிறார்களா பாருங்கள்.

கேட்பவரிடம் மட்டும் கூலி வாங்கும் தொழில் சட்டப்படி பிறந்தது 2013ல். அந்த ஜனவரி முதல் கமிஷன் கலக்காத டைரக்ட் பிளான் ஒவ்வொரு ஃபண்டிலும் வந்தது. அதே மாதம் முதலீட்டு ஆலோசகர் விதிகளும் வெளியாயின. 2020ல் கயிற்றை இறுக்கினார்கள். ஒரே குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லித் திட்டமும் விற்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், கட்டணம் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 1,25,000 ரூபாய் அல்லது சொத்தில் இரண்டரை சதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அப்போது விதித்தார்கள். இப்படிப் பதிந்தவர்கள் நாடு முழுக்க ஆயிரத்தைச் சுற்றித்தான். எல்.ஐ.சி. ஏஜென்ட்கள் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல். தராசின் இரண்டு தட்டும் இப்படி இருந்தால் பென்ஷன்காரர் யார் கண்ணில் முதலில் படுவார்?

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் என் மருமகன் (தங்கை மகன்) 2025ல் வந்து நின்றான். மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்திருந்தது. பழைய பென்ஷனுக்குப் பதிலாக வந்த பங்களிப்புத் திட்டமான என்.பி.எஸ்.ஸிலேயே இருப்பதா, இதற்கு மாறுவதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு ஜூன் 30, பிறகு செப்டம்பர் 30, பிறகு நவம்பர் 30.

“மாமா, நீங்க ட்ரெஷரியில இருந்தவர். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க, மாறட்டுமா வேணாமா?”

யூனியன் வாட்ஸ்அப்பில் வந்த எக்ஸெல் தாள் கையில் இருந்தது. விதிகளை என்னால் சொல்ல முடிந்தது. 25 வருஷம் முடித்தால் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அகவிலைப்படி உண்டு, அவனுக்குப் பின் மனைவிக்கு அதில் 60 சதம். என்.பி.எஸ்.ஸில் 60 சதம் கையில், மீதிக்கு ஆண்டுத்தொகை, அசலைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போக வழியும் உண்டு. அவன் பெரிய பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் துணை வேண்டும், நடக்க மாட்டாள். தாய் தகப்பனுக்குப் பின் அவளுக்கு எது நிற்கும் என்ற கேள்வியை எந்த எக்ஸெல்லும் கேட்கவில்லை. இது என் கணக்கில் அடங்காது என்று சொல்லிவிட்டு, செபி இணையதளத்தில் பதிவுபெற்ற ஆலோசகர் பட்டியலைத் திறந்து காட்டினேன். பதிவு எண்ணைச் சரிபார், ‘எங்களைத் தவிர வேறு யாரிடமாவது உங்களுக்குப் பணம் வருகிறதா’ என்று எழுத்தில் கேள் என்றேன்.

சென்னையில் ஒருவர் வீடியோவில் பேசினார். முதல் சந்திப்பில் முதலீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண்ணின் மருத்துவச் செலவு, யார் பெயரில் வீடு, உயில் உண்டா, பழைய பாலிசிகள் எத்தனை என்று இதுவேதான். தங்கை மருமகள் தகரப் பெட்டியிலிருந்து பாலிசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேமராவுக்குக் காட்டினாள். கட்டணம் 30,000 ரூபாய் என்றதும் மருமகன் முகம் சுருங்கிவிட்டது.

“வெறும் பேசறதுக்கா மாமா?”

அந்தப் பெட்டியில் வருஷம் 1 லட்சம் கட்டும் பாலிசி ஒன்றும் இருந்தது. சட்டம் அனுமதித்த உச்சவரம்புப்படி அதை விற்றவருக்கு முதல் வருஷமே 35,000 போயிருக்கலாம் என்று தாளில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறமும் ஐயாயிரம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினான், அவர் குறைக்கவில்லை. கடைசியில் கட்டிவிட்டான். நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. அதனால் விருப்பப் படிவத்தை வெள்ளிக்கிழமையே ஆபீஸில் கொடுத்து நகலில் சீல் வாங்கிவந்தான்.